கல்லைக் காட்டும் கதிர், காரணத்தைக் காட்டுமா?



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை, பிறகு ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் திரும்பினால் வல்லம், ஒரகடம். வழி நெடுகத் தொழிற்சாலைகள்தாம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் இன்னொரு கார்த் தொழிற்சாலையும், 2012-இல் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களில் இன்று மூன்று ஷிப்டு வேலை நடக்கிறது.

வாகனத் தொழிலில் உதிரிப் பாகங்களைச் சோதிக்கும் முறை மிகவும் சுவையானது. அலுமினியத்தை உருக்கி வார்த்த ஒரு பாகத்தின் உள்ளே சிறு காற்றுக் குமிழ் இருந்தால் வெளியே தெரியாது. ஆனால் வண்டி ஓடும்போது அந்த இடத்தில் விரிசல் விழும். ஆகவே அதனுள் எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்க்கிறார்கள். குமிழ் இருந்தால் படத்தில் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் ஒவ்வொரு பாகத்தையும் இப்படிச் சோதிக்கலாம். ஒரே பாகத்தைப் பத்து முறையும் சோதிக்கலாம். வார்ப்புக்கு அதனால் ஒரு கேடும் இல்லை.

மனிதனையும் இப்படியே சோதிக்கலாமா? இந்த வினாவைப் பற்றித்தான் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

நள்ளிரவில் ஒரு வலி

உங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயது இருபத்து நான்கு. ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார். இரவு ஷிப்டு. மணி இரண்டு இருக்கும். திடீரென்று இடப் பக்கம், விலாவுக்குக் கீழே முதுகுப்புறமாக ஒரு வலி கிளம்புகிறது. அங்கிருந்து அடிவயிற்றுக்கு இறங்குகிறது. நின்றால் வலி, உட்கார்ந்தால் வலி, புரண்டு படுத்தாலும் வலி. குமட்டி வாந்தி வருகிறது. உடன் வேலை செய்பவர்கள் அவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள்.

நம் பாட்டிமார் இதைக் 'கல்லடைப்பு' என்பார்கள். பொருத்தமான சொல்தான். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளம் உடையது. அதன் உட்புற அகலமோ 3 அல்லது 4 மி.மீ. மட்டுமே. மிளகு அளவுள்ள ஒரு கல் அதில் வந்து சிக்கினால் போதும். மேலே சிறுநீர் தேங்குகிறது, அழுத்தம் கூடுகிறது, சிறுநீரகத்தின் உறை விரிகிறது, குழாய் கல்லைத் தள்ள முயன்று இறுகுகிறது. அதனால்தான் வலி அலை அலையாக வருகிறது.

டாக்டரைப் பார்த்ததும் அந்த அண்ணன் என்ன சொல்வார்? "சார், எந்த ஸ்கேனா இருந்தாலும் பரவாயில்லை, உடனே எடுத்துப் பாருங்க. காலையில நான் வேலைக்குப் போகணும்." அவர் மேல் குறை சொல்ல முடியுமா? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போகும் நிலையில் இருப்பவர் அவர்.

தீப்பெட்டிகளும் கூழாங்கல்லும்

அவர் கேட்கும் சி.டி. ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

ஒன்பது காலித் தீப்பெட்டிகளை வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசையில் அடுக்குங்கள். நீங்கள் திரும்பிக் கொள்ளுங்கள். உங்கள் நண்பர் ஏதேனும் ஒரு பெட்டியில் ஒரு கூழாங்கல்லை வைக்கட்டும். பெட்டியைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு வரிசையிலும் மொத்தம் எத்தனை கல், ஒவ்வொரு பத்தியிலும் மொத்தம் எத்தனை கல் என்று மட்டும் நண்பரைக் கேளுங்கள். இரண்டாம் வரிசையில் ஒன்று, மூன்றாம் பத்தியில் ஒன்று என்று அவர் சொன்னால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் பெட்டியில்தான் கல் இருக்கிறது.

இப்போது இரண்டு கற்களை வைக்கச் சொல்லுங்கள். முதல் வரிசையில் முதல் பெட்டி, இரண்டாம் வரிசையில் இரண்டாம் பெட்டி. வரிசைக் கணக்கு 1, 1, 0. பத்திக் கணக்கும் 1, 1, 0. ஆனால் முதல் வரிசையில் இரண்டாம் பெட்டியிலும், இரண்டாம் வரிசையில் முதல் பெட்டியிலும் வைத்திருந்தால்கூட இதே கணக்குத்தான் வரும்! எது சரி என்று எப்படி அறிவது? மூலைவாட்டிலும் ஒரு கணக்குக் கேட்டால் விடை கிடைத்துவிடும்.

சி.டி. ஸ்கேனின் தத்துவம் இதுவேதான். எக்ஸ் கதிர்க் குழாய் உடலைச் சுற்றி வருகிறது. நூற்றுக்கணக்கான கோணங்களில், கதிர் எவ்வளவு உட்கவரப்பட்டது என்ற 'கூட்டுத் தொகை' அளக்கப்படுகிறது. அந்தத் தொகைகளிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்பதைக் கணிப்பொறி கண்டுபிடிக்கிறது.

சிறுநீரகக் கல்லை எக்ஸ் கதிர்ப் படத்தில் காண்பது புதிதன்று. ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஆண்டே கிளாஸ்கோ நகரில் ஜான் மக்கின்டயர் என்னும் டாக்டர் சிறுநீரகக் கல் ஒன்றைப் படம் பிடித்துவிட்டார். ஆனால் சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழல்தான். எலும்பின் நிழலும் குடல் வாயுவின் நிழலும் அதில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. யூரிக் அமிலத்தாலான கற்கள் அதில் தெரிவதே இல்லை. அதனால் நெடுங்காலம், அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றி, அது சிறுநீரில் இறங்கும் வரை காத்திருந்து, படத்துக்கு மேல் படமாக எடுத்து வந்தார்கள்.

இங்கிலாந்தில் இசைத்தட்டுகளுக்குப் பெயர் பெற்றிருந்த இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவியில், 1971 அக்டோபர் 1-ஆம் நாள் லண்டனில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. இதற்கான கணிதத்தைத் தனியே வகுத்திருந்த ஆலன் கார்மாக்கும் அவரும் 1979-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். விலாப்புற வலிக்கு மருந்து ஏற்றாமலே சி.டி. எடுத்தால் கல் தெளிவாகத் தெரியும் என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் காட்டியது 1995-இல்.

ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் ஓர் அளவுகோலும் உண்டு. அதில் தண்ணீர் 0. காற்று கழித்தல் 1000. யூரிக் அமிலக் கல் பெரும்பாலும் 500-க்குக் கீழே இருக்கும். கால்சியம் ஆக்சலேட் கல் 1000-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போகும். எனவே கல் எங்கே, எவ்வளவு பெரியது என்பதோடு, எந்த வகையாக இருக்கலாம் என்ற குறிப்பையும் சி.டி. தருகிறது. யூரிக் அமிலக் கல்லை மருந்தாலேயே கரைக்க முடியும் என்பதால் இந்தக் குறிப்பு பயனுள்ளது. சில நிமிடங்களில் இத்தனையும் சொல்லும் கருவியை நான் பழிப்பேனா? மாட்டேன்.

பின் என்ன தடை?

தடை அந்தக் கதிர்தான். எக்ஸ் கதிர் உடல் அணுக்களில் உள்ள டி.என்.ஏ.யைச் சேதப்படுத்த வல்லது. பெரும்பாலான சேதத்தை உடலே சரி செய்துகொள்கிறது. சரியாகாமல் எஞ்சும் சிறு பகுதி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பு மிகச் சிறியது. ஆனால் பூச்சியம் அன்று.

அளவைப் பாருங்கள். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் இயற்கையாக நம்மீது படும் கதிர்வீச்சு, உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட். வயிற்றுக்கு வழக்கமான முறையில் ஒரு சி.டி. எடுத்தால் ஏறத்தாழ 10 மில்லி சீவர்ட். அதாவது நான்கு ஆண்டுகளில் வர வேண்டியது ஒரே நாளில் வந்துவிடுகிறது. கல்லை மட்டும் தேடுவதாக இருந்தால், கதிரைக் குறைத்து 3 அல்லது 4 மில்லி சீவர்ட்டுக்குள்ளேயே படம் எடுக்கலாம். படத்தில் சற்றுப் புள்ளிகள் இருக்கும். ஆனால் கல் தெரியும்.

ஒரு முறை எடுப்பதால் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சிறுநீரகக் கல் ஒரு முறையோடு நிற்கும் நோய் அன்று. பலருக்கு மீண்டும் மீண்டும் வரும். இருபத்து நான்கு வயதில் தொடங்கி, ஒவ்வொரு வலிக்கும் ஒரு சி.டி. என்று போனால் நாற்பது வயதுக்குள் எத்தனை ஆகும்? வார்ப்புக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். மனித உடலில் ஒவ்வொரு சோதனையும் கணக்கில் ஏறுகிறது.

நம் நாட்டில் எக்ஸ் கதிர்க் கருவிகளையும் சி.டி. கருவிகளையும் ஒழுங்குபடுத்துவது 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கதிர்வீச்சு, பயனுக்குக் குறைவில்லாமல் இயன்ற அளவு குறைவாக இருக்க வேண்டும் என்பதே இத்துறையின் அடிப்படைக் கொள்கை. அந்தக் கொள்கையைக் காப்பது வாரியத்தின் வேலை மட்டும் அன்று. படம் கேட்கும் நம்முடைய வேலையும்கூட.

முதலில் ஒலி, பிறகு கதிர்

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. மீயொலிச் சோதனை. வௌவால் இருட்டில் பறப்பதைப் போல, நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியைக் கொண்டு படம் வரையும் முறை இது. இதில் எக்ஸ் கதிரே இல்லை, செலவும் குறைவு. குறையும் உண்டு: சிறிய கற்களையும் குழாயின் நடுவே சிக்கிய கற்களையும் இது பல வேளைகளில் தவறவிடும். ஆனால் சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கியிருந்தால் அதை நன்றாகக் காட்டும்.

அப்படியானால் மீயொலியில் தொடங்கினால் ஆபத்தா? அமெரிக்காவில் 15 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 2,759 நோயாளிகளை வைத்து இதை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். சிலருக்கு முதல் சோதனை மீயொலி, சிலருக்கு சி.டி. மீயொலியில் தொடங்கியவர்களில் கணிசமானோருக்குப் பின்னர் சி.டி.யும் தேவைப்பட்டது உண்மைதான். ஆயினும் கடும் சிக்கல்களைப் பொறுத்தவரை இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மீயொலியில் தொடங்கியவர்கள் மொத்தத்தில் பெற்ற கதிர்வீச்சோ குறைவு. 2019-இல் அங்குள்ள அவசர மருத்துவர்களும் கதிரியல் நிபுணர்களும் சிறுநீரியல் நிபுணர்களும் கூடி, கல்லுக்கே உரிய அறிகுறிகளோடு வந்து, மருந்தால் வலி அடங்கிய இளம் வயதினருக்கு சி.டி.யைத் தவிர்க்கலாம் என்று கருத்துத் தெரிவித்தனர். காரணம் எளிது. 5 மி.மீ.க்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அப்போது செய்யும் சிகிச்சை ஒன்றுதான்.

தயங்காமல் சி.டி. எடுக்க வேண்டிய நேரங்களும் உண்டு. வலி கல்லால்தானா என்ற ஐயம் இருந்தால், மருந்துக்கு வலி அடங்காவிட்டால், கல்லை உடைக்கவோ அகற்றவோ திட்டமிட்டால் சி.டி. தேவைப்படும். வலியோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் அடைபட்ட சிறுநீரில் கிருமி பெருகுகிறது என்று பொருள். ஒரே ஒரு சிறுநீரகம் உள்ளவருக்கு வலி வந்தாலும் அப்படியே. இவை இரண்டும் அவசர நிலைகள். ஒரு மணி நேரமும் வீணாக்கக் கூடாது. இத்தகைய நேரங்களில் "கதிர்வீச்சு கெடுதல்" என்று சொல்லி மறுப்பது அறிவியல் அன்று, மூடநம்பிக்கை. வசதி இல்லாதவர்களுக்காக, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளில் குறைந்த கட்டணத்தில் சி.டி. மையங்களை நடத்தி வருகிறது.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வல்லம் வடகாலில் 2024-இல் சிப்காட் நிறுவனம் திறந்த தொழிலாளர் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இந்தப் பகுதியில் இளம் பெண்கள் எவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள் என்பதற்கு இதுவே சான்று. கருவுற்றிருக்கும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு முதலில் மீயொலிச் சோதனைதான். சி.டி.க்கு முன் இதுபற்றிக் கேட்டால் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான்: படம் என்பது ஒரு வினாவுக்கு விடையாக இருக்க வேண்டும். "இந்தப் படத்தால் சிகிச்சை மாறுமா, டாக்டர்? மீயொலியிலேயே தெரிந்துவிடுமா? குறைந்த கதிரில் எடுக்க முடியுமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று. பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருந்து காட்டுவதும் நம் பொறுப்பு. ஊர் விட்டு ஊர் வந்து வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பழைய படம் கையில் இருந்தால் புதிய படம் ஒன்று மிச்சமாகலாம்.

ஐந்து முறை 'ஏன்?'

தொழிற்சாலைக்கே திரும்புவோம். ஜப்பானிய மோட்டார்த் தொழிலிலிருந்து வந்த ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு பாகத்தில் குறை கண்டால் அதை எடுத்து எறிந்துவிட்டு நிற்க மாட்டார்கள். 'ஏன்?' என்று ஐந்து முறை கேட்பார்கள். கடைசி விடையில்தான் உண்மையான காரணம் இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த அண்ணனின் வலிக்கும் இப்படிக் கேட்போமே!

ஏன் வலித்தது? குழாயில் கல் சிக்கியது. ஏன் கல் வந்தது? சிறுநீரில் கரைந்திருந்த உப்புகள் படிகமாயின. ஏன் படிகமாயின? சிறுநீர் செறிவாக இருந்தது. வெந்நீரில் நிறையச் சர்க்கரையைக் கரைத்து, நீர் வற்ற விட்டால் கற்கண்டு விளைவதைப் பள்ளியில் செய்து பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். ஏன் செறிவாக இருந்தது? வெப்பத்தில் வியர்வையாக நீர் போயிற்று. அதற்கு ஈடாக அவர் குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை? இந்த ஐந்தாவது வினாவுக்கு எந்த ஸ்கேனிலும் விடை கிடைக்காது. குடித்தால் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும். போனால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை வரிசையில் அவர் இடத்தில் நிற்க வேறொருவர் வர வேண்டும்.

இது வெறும் ஊகம் அன்று. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தென்னிந்திய எஃகு ஆலை ஒன்றின் தொழிலாளர்களை மீயொலிச் சோதனையின் துணையோடு ஆராய்ந்து, கடும் வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் ஆபத்து அதிகம் என்று 2020-இல் வெளியிட்டார்கள். ஒரகடத்தின் கார்த் தொழிற்சாலை வேறு, எஃகு ஆலை வேறு. ஆனால் சிறுநீரகம் எங்கும் ஒன்றுதான்.

1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம் இதைப் பற்றி என்ன சொன்னது தெரியுமா? 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும். தண்ணீர் வைக்கும் இடத்தில், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் 'குடிநீர்' என்று எழுதியிருக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து சேர்ந்திருக்கும் இன்றைய ஒரகடத்தை நினைத்துப் பாருங்கள். அந்தச் சிறு விதிக்குப் பின்னால் எத்தனை மனிதநேயம் இருக்கிறது!

கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும் என்று டாக்டர்கள் கூறுகிறார்கள். வெயிலில் வேலை செய்பவர் அதற்கு எவ்வளவோ கூடுதலாகக் குடிக்க வேண்டியிருக்கும். உப்பைக் குறைப்பதும் எலுமிச்சைச் சாறும் உதவும். 'குடியுங்கள்' என்று சொல்வது எளிது. குடிக்க நேரமும், கழிக்க நல்ல இடமும் தர வேண்டியது யார்?

இந்த வினா தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று. உங்கள் பள்ளியில் எத்தனை மாணவியர் காலையில் கொண்டு வந்த தண்ணீரை அப்படியே மாலையில் வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள்? கழிவறை சுத்தமாக இல்லை என்பதற்காகத் தாகத்தை அடக்குகிறவர்கள் எத்தனை பேர்? ஒரு வாரம் கணக்கெடுத்துப் பாருங்கள். உங்கள் சிறுநீரின் நிறத்தையும் கவனியுங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் நன்று. அடர் மஞ்சளாக இருந்தால் உடல் தண்ணீர் கேட்கிறது. கணக்கெடுத்ததைத் தலைமை ஆசிரியரிடம் காட்டுங்கள். அப்பாவோ அக்காவோ தொழிற்சாலையில் வேலை செய்தால், "இன்றைக்கு ஷிப்டில் எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தீர்கள்?" என்று கேளுங்கள்.

உடலைத் திறக்காமலே உள்ளே பார்க்கக் கற்றுக்கொண்டது மனித அறிவின் பெரிய வெற்றி. அந்தக் கதிர் கல்லைக் காட்டும். கல் ஏன் வந்தது என்பதை நாம்தான், கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.